எம்பிஏ வெயிட்லிஸ்ட்: பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

வட சென்னையில் தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள் கேட், எக்ஸாட் என்ற எம்பிஏ நுழைவுத் தேர்வுகளை எழுதுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. இன்டர்வியூ வரைக்கும் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முடிவு 'வெயிட்லிஸ்ட்' என்று வந்துவிட்டால் அடுத்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அண்ணா, வெயிட்லிஸ்ட்னா பாஸா, ஃபெயிலா?"

உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனம் முடிவு செய்துவிட்டது. இடம்தான் இன்னும் இல்லை. இன்டர்வியூவில் வேண்டாம் என்று முடிவானவர்களுக்கு இந்தப் பட்டியலில் பெயரே வராது. அதனால் "எங்கே தப்பு பண்ணேன்" என்று இன்டர்வியூவை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் மதிப்பெண் போட்டு முடிந்துவிட்டது, இனி அது மாறாது.

இனிமேல் நடப்பதெல்லாம் உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் எங்கே சேரப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவை சான்றிதழ், பணம், கைவசம் இருக்கும் இன்னொரு இடம், பார்க்கிற வேலை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த நான்கையும் பற்றித்தான்.

"ரயில் டிக்கெட் மாதிரி கடைசியில கன்ஃபர்ம் ஆகிடுமா தம்பி?"

ஒரு வகையில் அதே மாதிரிதான். முன்னால் இருப்பவர் ரத்து செய்தால் பின்னால் இருப்பவர் ஏறுவார். வித்தியாசம் என்னவென்றால், ரயிலில் ஓர் ஆள் பொதுவாக ஒரு டிக்கெட்தான் வைத்திருப்பார். இங்கே நன்றாக எழுதிய ஒருவர் ஐந்தாறு நிறுவனங்களில் தேர்வாகியிருப்பார். அவர் சேரப்போவது ஓர் இடத்தில்தான், மற்றவை காலியாகும். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம்களுக்கு (மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள்) பிள்ளைகள் போய்ச் சேரச் சேர அடுத்த நிலையில் உள்ள ஐஐஎம்களில் இடம் திறக்கும், அங்கே மேலே போனவர்களால் அதற்கடுத்த நிலையில் திறக்கும். அதனால்தான் புதிய ஐஐஎம்களில் வரிசை நீளமாக நகரும், மேலே உள்ளவற்றில் கொஞ்சமாக நகரும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரயிலில் டிக்கெட் உறுதியானால் பெட்டி எண் தானாக வந்துவிடும். இங்கே இடம் வந்தாலும் குறித்த நாளுக்குள் சம்மதம் சொல்லிப் பணம் கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"என் நம்பர் 143. வருமா, வராதா?"

வெறும் நம்பரை வைத்து யாராலும் சொல்ல முடியாது. முதலில் அது எந்தப் பிரிவின் வரிசை என்று பாருங்கள். மத்திய அரசு நிறுவனங்களில் எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி 27, பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவீதம் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. பிரிவு வாரியாக வரிசையும் தனித்தனி. பொதுப்பிரிவில் 143 என்பதும் எஸ்டி வரிசையில் 143 என்பதும் ஒன்றல்ல.

அடுத்து, அதே நிறுவனத்தில், அதே பிரிவில், முந்தைய இரண்டு மூன்று வருடங்களில் வரிசை எந்த நம்பர் வரை போனது என்று தேடுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே போடுகின்றன. இல்லையென்றால் அங்கே படிக்கும் மாணவர் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள், பதில் சொல்வார்கள். கிடைத்த எண்களில் மிகக் குறைவானதை வைத்துத் திட்டமிடுங்கள். அதற்குள் உங்கள் நம்பர் இருந்தால் நம்பிக்கையோடு ஏற்பாடுகளைத் தொடங்கலாம். அதைவிட ரொம்ப தள்ளி இருந்தால், ஆசையை விடவேண்டாம், ஆனால் வேறு ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

"ஒரே இன்டர்வியூதான் போனேன். ஒரு ஐஐஎம்ல 60, இன்னொண்ணுல 400. எப்படி?"

சில ஐஐஎம்கள் சேர்ந்து ஒரே இன்டர்வியூ நடத்துகின்றன. மதிப்பெண் கூட்டும் கணக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்று கேட் மதிப்பெண்ணுக்கு அதிக எடை கொடுக்கும், இன்னொன்று பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் வேலை அனுபவத்தையும் கூடுதலாகப் பார்க்கும். நம்பர் பெரியதாக இருக்கும் இடத்திலும் வாய்ப்பு இருக்கலாம். முந்தைய பதிலில் சொன்ன மாதிரி இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

"எப்பதான் நகரும்? தினமும் மெயிலையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்."

முதல் பட்டியலில் இருப்பவர்கள் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு முன் வரிசை நகர வாய்ப்பு குறைவு. அந்தத் தேதி முடிந்த ஓரிரு நாளில் முதல் நகர்வு வரும். பிறகு அவர்கள் கட்டும் கடைசி நாள், அதற்குப் பிறகு அடுத்த நகர்வு என்று போகும். பொதுவாக மே மாதம் தொடங்கி, வகுப்பு ஆரம்பிக்கும் ஜூன், ஜூலை வரை இது நடக்கும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் மற்ற நாட்களில் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியிருக்காது.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். விண்ணப்பத்தில் கொடுத்த மெயிலும் செல்போன் எண்ணும் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா? நம் பக்கத்தில் நிறையப் பேர் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிறார்கள். அங்கே இருப்பவர் அவசரத்துக்குத் தன் மெயிலையோ தன் எண்ணையோ போட்டுவிடுகிறார். இடம் வந்த செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. இன்றே விண்ணப்பப் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். தவறாக இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி மாற்றச் சொல்லுங்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். "வரிசையில் தொடர்கிறீர்களா" என்று கேட்டுச் சில நிறுவனங்கள் மெயில் அனுப்பும். அதற்குப் பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடலாம்.

"நான் ஒரு லெட்டர் எழுதினா மேல வருவேனா? வெளிநாட்ல அப்படித்தானாமே?"

வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், உண்மை. அங்கே பல நிறுவனங்களில் வரிசைக்கு நம்பரே கிடையாது. இடம் திறக்கும்போது பட்டியலைத் திரும்பப் படித்து யாரைக் கூப்பிடலாம் என்று பார்ப்பார்கள். அதனால் ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வில் வாங்கிய புதிய மதிப்பெண், பதவி உயர்வு, ஏன் அங்கேதான் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிய கடிதம், இவற்றுக்கு மதிப்பு உண்டு. சில நிறுவனங்கள் "எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லும். அப்படிச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

ஐஐஎம் போன்ற நம் நாட்டு நிறுவனங்களில் மொத்த மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்கி நம்பர் போட்டுவிடுகிறார்கள். அங்கே கடிதத்தால் எதுவும் நகராது. தகவல் கேட்க ஒரு மெயில் போடலாம், தவறில்லை. வாரம் ஒருமுறை போன் பண்ணுவதால் பிரயோஜனம் இல்லை.

"ஒருத்தர் போன் பண்ணி, பணம் கொடுத்தா லிஸ்ட்ல மேல ஏத்தறேன்னு சொல்றார்."

தயவு செய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐஐஎம்களில் நிர்வாக ஒதுக்கீடு என்ற ஒன்றே இல்லை. பணம் கொடுத்து நம்பரை மாற்ற வழியே கிடையாது. இவர்கள் செய்யும் வேலை எளிது. வரிசையில் இருக்கும் நூறு பேரிடம் பணம் வாங்குவார்கள். அதில் இயல்பாகவே இடம் கிடைக்கப்போகும் முப்பது பேரிடம் "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்பார்கள். மற்றவர்கள் போன் போட்டால் எடுக்க மாட்டார்கள்.

பெற்றோர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பிள்ளைகளைவிட உங்களைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

"இன்னொரு காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. இந்த வாரத்துக்குள்ள பணம் கட்டணுமாம். கட்டலாமா, காத்திருக்கலாமா?"

எனக்கு வருவதில் கடினமான கேள்வி இதுதான். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: வெயிட்லிஸ்ட் நகரவே இல்லையென்றால் அந்த இன்னொரு காலேஜில் இரண்டு வருடம் படிப்பீர்களா? படிக்க மாட்டேன் என்றால் கட்ட வேண்டாம். படிப்பேன் என்றால் கட்டுங்கள். கையில் ஓர் இடம் இருந்தால் காத்திருப்பது சுலபமாகும், வீட்டிலும் பேச்சு குறையும்.

கட்டும் முன் அந்தப் பணம் திரும்ப வருமா என்று பாருங்கள். யூஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் வரும் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளுக்கு 2024-25 கல்வியாண்டில் விதி இப்படி இருந்தது: செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். உங்கள் வருடத்துக்கான அறிவிப்பை யூஜிசி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்பிஏ போன்ற பிஜிடிஎம் என்ற டிப்ளமோ படிப்பை நடத்தும் தனியார் நிறுவனங்கள், ஏஐசிடிஇ எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வரும். அங்கே வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஐஐஎம்கள் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியே இயங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் சொந்த விதி. அவை ஆஃபர் கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற அட்டவணையைத் தேடிப் படித்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதி இருப்பதும் பணம் கைக்கு வருவதும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் இழுத்தடிக்கலாம். அதனால் வட்டிக்கு வாங்கிய பணத்தை இதில் போடாதீர்கள். விலகும்போது போனில் சொன்னால் போதாது. மெயிலில் எழுதி, தேதியோடு ஒரு பிரதி வைத்திருங்கள்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தாதான் சேர்ப்பாங்களாம். கொடுத்துட்டா மாட்டிக்குவேனா?"

சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யூஜிசி, ஏஐசிடிஇ இரண்டின் விதி. யூஜிசி 2018இல் இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது. "இங்கேயே இருக்கட்டும்" என்று சொன்னால் அந்த அறிவிப்பைக் காட்டிப் பணிவாகக் கேளுங்கள். கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால் முத்திரையோடு ரசீது வாங்காமல் வராதீர்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஐந்து செட் நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள்.

"நாங்க பிசிதான், கம்யூனிட்டி சர்டிபிகேட் இருக்கு. அது போதும்ல?"

மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. இதில் தடுக்கி இடத்தையே விட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது, மாநில அரசுக்கானது. ஐஐஎம் கேட்பது மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ். அதற்குத் தனியாக இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது அந்த நிதியாண்டில், அதாவது பொதுவாக ஏப்ரல் 1க்குப் பிறகு, வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பவை எல்லாம் அங்கே இருப்பதில்லை.

பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது: "அப்பா ஐசிஎஃப்ல இருக்கார், சம்பளம் வருஷத்துக்கு 8 லட்சத்தைத் தாண்டுது, நாங்க கிரீமி லேயரா?" கிரீமி லேயர் என்றால் வசதியானவர்கள் என்று ஓபிசி ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படுபவர்கள், அதற்கான வருமான வரம்புதான் 8 லட்சம். மத்திய அரசு விதியில் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சக் கணக்கில் சேராது. அரசு ஊழியர் என்றால் பதவியைத்தான் பார்ப்பார்கள். குரூப் சி ஊழியரின் பிள்ளை, சம்பளத்தால் மட்டும் கிரீமி லேயர் ஆகிவிட மாட்டார். மையத்தில் "சம்பளம் அதிகம், கிடைக்காது" என்று வாய்வழியாகச் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்தில் அப்பாவின் பதவிச் சான்றைக் காட்டிக் கேளுங்கள். விசாரணைக்கு நாளாகும் என்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். வெயிட்லிஸ்ட் நகர்ந்த பிறகு ஓடினால் நேரம் பத்தாது.

"சீட் உறுதியாகாம லோன் தர மாட்டாங்களே. திடீர்னு இடம் வந்தா பணத்துக்கு எங்க போறது?"

சேர்க்கைக் கடிதம் இல்லாமல் கடன் அனுமதி ஆகாது, சரிதான். ஆனால் பாதி வேலையை இப்போதே முடித்துவிடலாம். பல ஐஐஎம்களில் இரண்டு வருடக் கட்டணமே 15 லட்சத்தைத் தாண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கணக்கு இருக்கும் அரசு வங்கிக் கிளைக்குப் போய், கல்விக் கடன் பார்க்கும் அதிகாரியிடம் "வெயிட்லிஸ்ட்டில் இருக்கிறேன், கிடைத்தால் என்னென்ன கேட்பீர்கள்" என்று பட்டியல் வாங்குங்கள். முன்னணி நிறுவனங்களுக்கென்று வங்கிகள் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் உங்கள் நிறுவனம் இருந்தால் ஈடு கேட்காமலேயே பெரிய தொகை தருவார்கள். 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிஎம் வித்யாலட்சுமி திட்டத்திலும், அதன் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. அந்தத் திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்கும்.

காசிமேட்டில் மீன் வியாபாரம், கொருக்குப்பேட்டையில் சின்னக் கடை என்று இருக்கும் குடும்பங்களில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்குங்கள், வங்கிக் கணக்கில் ஆறு மாத வரவு செலவு தெரிகிற மாதிரி வைத்திருங்கள். அப்புறம், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் அப்பா அம்மாவின் சிபில் மதிப்பெண்ணை இப்போதே பாருங்கள். எப்போதோ வாங்கிய டூவீலர் கடனில் நின்றுபோன இரண்டு தவணைகூட, கூட்டுக் கடன்தாரராக அவர் கையெழுத்துப் போடும்போது முன்னால் வந்து நிற்கும். அதைக் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கி, பதிவு சரியாவதற்குச் சில வாரங்கள் ஆகும்.

முதல் தவணைக்கு மட்டும் உடனடிப் பணம் தேவைப்படும், கடன் அதற்குள் வராது. அது எவ்வளவு என்று இப்போதே பார்த்து, சொந்தத்தில் யார் ஒரு மாதத்துக்குக் கைமாற்றாகத் தருவார்கள் என்று பேசி வைத்துவிடுங்கள்.

"டிகிரி ரிசல்ட்டே இன்னும் வரலையே?"

பிரச்சினை இல்லை. கடைசி வருட மாணவர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கல்லூரி முதல்வரிடம் சான்று வாங்கி வையுங்கள். மதிப்பெண் பட்டியல் கொடுக்கக் கடைசித் தேதி ஆஃபரில் இருக்கும்.

"வேலையை விட்டுடவா?"

இடம் உறுதியாகும் வரை விடாதீர்கள். ஆனால் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், பணம் கட்டி முன்கூட்டியே விலக முடியுமா என்று பணி நியமனக் கடிதத்தைப் பாருங்கள். மூன்று மாத நோட்டீஸ் இருந்து, ஜூன் கடைசியில் இடம் வந்தால் பேச்சுவார்த்தைதான் வழி. விடுவிப்புக் கடிதம் இல்லாமல் ஓடிவந்துவிடாதீர்கள். எம்பிஏ முடித்து வேலை தேடும்போது அந்த அனுபவத்துக்குச் சான்று கேட்பார்கள்.

"டான்செட்டும் எழுதியிருக்கேன். கவுன்சிலிங் போறதா வேணாமா?"

போங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு அது. அரசுக் கல்லூரிகளில் கட்டணம் ஐஐஎம்மோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 69 சதவீத இடஒதுக்கீடும் உண்டு, அங்கே உங்கள் மாநிலச் சாதிச் சான்றிதழே போதும். வீட்டிலிருந்து பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போய்ப் படிக்கலாம் என்பது கடன் வாங்கப் பயப்படும் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. பெயர் பெரிதாக இல்லை என்று இதை ஒதுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"சொந்தக்காரங்க எல்லாம் 'என்னாச்சு, என்னாச்சு'ன்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது?"

"தேர்வாகியிருக்கேன், இடம் காலியானதும் கூப்பிடுவாங்க, ஜூலைல தெரியும்" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. நம்பரைச் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த கல்யாணத்தில் அந்த நம்பரையே கேட்பார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். "இந்த வருஷம் கிடைக்கலன்னா மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று பேச்சு எழும். அம்மாவிடமோ அப்பாவிடமோ தனியாக உட்கார்ந்து, எந்தத் தேதி வரை காத்திருக்கிறோம், அதற்குள் இடம் வராவிட்டால் எங்கே சேர்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தேதியும் மாற்று ஏற்பாடும் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு அடங்கும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஜூலை வரையாவது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

"ராத்திரி தூக்கமே வரல. எதுலயும் மனசு ஒட்டல."

காத்திருக்கும் காலத்தில் பகல் முழுக்க வீட்டில் படுத்திருப்பது நிலைமையை மோசமாக்கும். காலையில் வெளியே கிளம்ப ஓர் இடம் வேண்டும். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்க இடம் உண்டு, இல்லையென்றால் பக்கத்து நூலகம். எக்செல், அடிப்படைக் கணக்குப் பதிவியல், புள்ளியியல் மூன்றையும் இப்போது கற்றுக்கொண்டால் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் பருவத்தில் மூச்சு முட்டாது. வெயிட்லிஸ்ட் பற்றியே பேசும் வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களை மியூட் செய்யுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், இலவசம். 104க்கும் அழைக்கலாம்.

"கடைசி வரைக்கும் வரலன்னா? நம்பர் அடுத்த வருஷத்துக்குச் செல்லுமா?"

செல்லாது. கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும்தான். வரிசையும் அதோடு கலைந்துவிடும். ஜிமேட் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். கேட் திரும்ப எழுதுவதென்றால், தேர்வு வழக்கமாக நடக்கும் நவம்பர் கடைசி ஞாயிறு வரை படிக்க நேரம் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே எழுதுவதுதான் என் யோசனை. வெறும் இடைவெளி வருடத்தைவிட அனுபவத்தோடு வருபவருக்கு இன்டர்வியூவில் பேச நிறைய இருக்கும்.

"வேற காலேஜ்ல சேர்ந்து ஹாஸ்டல்லயே இருக்கேன். இப்ப வெயிட்லிஸ்ட் கிளியர் ஆயிடுச்சு, நாளை மறுநாள் கடைசி நாள். என்ன பண்றது?"

முதலில் புது இடத்தின் ஆஃபர், கட்டணம், வகுப்பு தொடங்கிய தேதி மூன்றையும் பாருங்கள். அங்கே ஏற்கெனவே வகுப்பு ஓடிக்கொண்டிருந்தால் தாமதமாக வருவதை ஏற்பார்களா என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு, இப்போது இருக்கும் இடத்தில் விலகினால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள். வகுப்பு தொடங்கிவிட்டால், மேலே ஏஐசிடிஇ பற்றிச் சொன்ன 1,000 ரூபாய் விதி இங்கே பொருந்தாது.

இழக்கும் தொகையைக் கடனோடு சேர்த்துப் பாருங்கள். புது இடத்தில் கிடைக்கும் வேலை வாய்ப்பு அதைத் தாங்கும் அளவுக்கு வித்தியாசமாக இருந்தால் மாறுங்கள். இரண்டு நிறுவனங்களும் கிட்டத்தட்ட ஒரே தரம் என்றால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். மாறுவதென்று முடிவானால் வரிசை முக்கியம்: புது இடத்தில் பணம் கட்டி ரசீது வந்த பிறகுதான் பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். பழைய கல்லூரி பெயரில் கல்விக் கடன் அனுமதியாகியிருந்தால், அதே நாளில் வங்கிக் கிளைக்குப் போன் போட்டு அடுத்த தவணையை அனுப்பாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.